ஓர் ஊராட்சி ஒன்றியத்தை நிலக்கரி, டீசலிலிருந்து மாற்றத் திட்டமிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி ஒன்றியம், அல்லது அதே அளவுள்ள சிறு நகரப் பகுதி, தன் எரிபொருள் தேவையைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்றத் திட்டம் எழுதும்போது பின்பற்ற வேண்டிய வரிசையைச் சொல்கிறது. இப்படிப்பட்ட திட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்த்திருக்கிறேன். பிறகு வேறு ஊர்களில் எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் இருக்கிறேன்.

ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள்: "நமக்கு எத்தனை மெகாவாட் சோலார் வேண்டும்?" அது ஐந்தாவது படியில் வர வேண்டிய கேள்வி. எந்த மணி நேரத்தில், எந்த மின்பாதையில், எந்த வேலைக்காக எரிகிறது என்பது தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால், பதில் எப்போதும் தேவைக்கு மேலாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு ஒன்றுக்கும் உதவாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஊராட்சிகளின் பெயரில் உள்ள எல்லா மின் இணைப்பு எண்களும், ஓராண்டுக்கான மின்கட்டண விவரங்களும் வேண்டும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் இதில் அடங்கும். பல ஊராட்சிகளில் பயன்பாட்டில் இல்லாத இணைப்புகளுக்கும் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். அவற்றை இந்தக் கட்டத்திலேயே பிரித்துவிடுங்கள்.

துணை மின்நிலையத்திலிருந்து மின்பாதைகளின் வரைபடமும் மணிவாரிப் பதிவேடும் வேண்டும். மின்பாதையை மின்வாரிய ஊழியர்கள் ஃபீடர் என்பார்கள். நீங்களும் அதே சொல்லைப் பயன்படுத்தினால் வேலை விரைவாக நடக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து புறம்போக்கு நிலங்களின் பட்டியலும் புலப்படங்களும் தேவை.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளூர் உதவிப் பொறியாளரையும் ஒரு லைன்மேனையும் முதல் நாளிலிருந்தே உடன் சேர்த்துக்கொள்வது. திட்டத்தை முடித்துவிட்டு அவர்களிடம் கொண்டுபோனால், அவர்கள் சொல்லும் முதல் இரண்டு செய்திகளிலேயே பாதிப் பக்கங்களைத் திருத்த வேண்டி வரும்.

கிராம சபை நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் தேவைப்படும் படிகளை இந்த நாட்களோடு பொருத்தாவிட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு மாதம் கழிந்துவிடும்.

1. எல்லையை ஃபீடரைப் பார்த்து வரையுங்கள்

ஒன்றியத்தின் எல்லை வேறு, மின்சாரத்தின் எல்லை வேறு. ஒன்றியத்தின் ஓரத்தில் உள்ள நான்கைந்து கிராமங்களுக்குப் பக்கத்து ஒன்றியத்தின் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வரும். உங்கள் துணை மின்நிலையமோ வெளியூர் ஆலை ஒன்றுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கவனிக்காமல் நாங்கள் எழுதிய முதல் கணக்கில், ஒன்றியத்துக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையின் பயன்பாடு வீடுகளின் பயன்பாடாகச் சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டுக்குச் சராசரி எடுத்துப் பார்த்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. அதற்குள் மூன்று மாத உழைப்பு போயிருந்தது.

ஆகவே, முதலில் 11 கிலோவோல்ட் ஃபீடர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் எந்தெந்த ஊர்கள் உள்ளன என்று எழுதுங்கள். கணக்கு ஃபீடர்வாரியாக இருக்கட்டும். தீர்மானங்கள் ஊராட்சிவாரியாக இருக்கட்டும். இரண்டையும் இணைக்க ஒரே ஒரு அட்டவணை போதும்.

2. மின்சாரத்தை மட்டும் எண்ணாதீர்கள், எரிபொருளையும் எண்ணுங்கள்

நிலக்கரி நம் ஒன்றியத்தில் எரிவதில்லை. அது தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் வடசென்னையிலும் எரிகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. நம் கண்முன்னே எரிவது டீசல், பெட்ரோல், சமையல் எரிவாயு. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மட்டும் திட்டம் எழுதினால், அது திட்டத்தின் ஒரு பகுதிதான்.

பெட்ரோல் நிலையங்களில் மாத விற்பனையைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் வாகனங்களையும் டிராக்டர்களையும் எண்ணுங்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் கல்யாண மண்டபம், ஐஸ் ஆலை, செல்போன் கோபுரம், செங்கல் சூளை, சாயப்பட்டறை ஆகியவற்றைத் தனித்தனியாக நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பட்டறையின் கொதிகலன் ஒரு தெருவின் எல்லா அடுப்புகளையும் சேர்த்ததைவிட அதிகமாக எரிக்கும்.

அடுத்து, எல்லாவற்றையும் யூனிட்டுக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆனால் சிறு ஜெனரேட்டர் அதிலிருந்து 3 யூனிட் மின்சாரம்தான் எடுக்கிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே ஒரு லிட்டருக்கு ஈடாக 10 யூனிட் சூரிய மின்சாரம் வேண்டும் என்று எழுதுவது மூன்று மடங்கு மிகை. எரிபொருளில் என்ன இருக்கிறது என்பதை விடுங்கள். அது செய்து முடித்த வேலைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேளுங்கள்.

இதே கணக்கு, எதை முதலில் மாற்ற வேண்டும் என்ற வரிசையையும் காட்டிக்கொடுக்கிறது. மின்தொகுப்பிலிருந்து, அதாவது எல்லா மின்நிலையங்களையும் இணைக்கும் பொதுக் கம்பி வலையிலிருந்து, வரும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால், இந்தியச் சராசரியாக, ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு இருக்கிறது. 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று எரிந்தால் வெளிவருவது சுமார் 42 கிலோ. அந்த உருளை செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 125 யூனிட் வேண்டும். அத்தனையும் இன்றைய மின்தொகுப்பிலிருந்து வந்தால் அது 85 கிலோவைத் தாண்டும். அதாவது, சுத்தமான மின்சாரம் வருவதற்கு முன்பே அடுப்பை மாற்றினால், ஊரில் குறைந்ததைப்போல் இரு மடங்கு புகை மின்நிலையத்தில் கூடுகிறது.

இருசக்கர வாகனத்தில் நிலைமை தலைகீழ். 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் பெட்ரோல் என்றால் 4.6 கிலோ. அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டர் எடுப்பது சுமார் 3 யூனிட், அதாவது 2 கிலோ. இதை இன்றைக்கே மாற்றலாம். எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இப்போதே", "சுத்தமான மின்சாரம் வந்த பிறகு" என்று இரண்டில் ஒன்றை எழுதுங்கள். வாகனமும் ஜெனரேட்டரும் முதல் வகை. சமையல் அடுப்பு இரண்டாம் வகை. விறகடுப்பு இருக்கும் வீடுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்; அங்கே பெண்களின் நுரையீரல்தான் முதல் கணக்கு. எரிவாயுவோ மின்சாரமோ, எது முதலில் கிடைக்கிறதோ அதற்கு மாறட்டும்.

3. நான்கு நாட்களை மணிவாரியாக வரையுங்கள்

துணை மின்நிலையப் பதிவேட்டில் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு ஃபீடரும் எடுத்த மின்னோட்டம் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து நான்கு நாட்களைத் தேர்ந்தெடுங்கள்: ஏப்ரல் அல்லது மே மாதத்து வெயில் நாள் ஒன்று, ஜூலையில் ஒன்று, நவம்பரில் மழை நாள் ஒன்று, ஜனவரியில் ஒன்று. ஒவ்வொன்றையும் 24 கட்டங்கள் உள்ள வரைபடமாக வரையுங்கள்.

நான்கு நாட்கள் ஏன் என்றால், தமிழ்நாட்டில் வெயிலும் காற்றும் வெவ்வேறு காலத்தில் வருகின்றன. காற்று மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களின் வழியாக அடிக்கும். தேவை உச்சத்தைத் தொடுவது கோடையில். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. நவம்பரில் காற்றும் ஓய்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை மேகம் வெயிலையும் மறைக்கும். உங்கள் திட்டம் எந்த மாதத்தில் தோற்கும் என்பதை நவம்பர் வரைபடம்தான் காட்டும்.

ஆண்டு மொத்தத்தை வைத்துக்கொண்டு "நாம் 100 விழுக்காடு சூரிய மின்சாரத்துக்கு மாறுகிறோம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு இவ்வளவு யூனிட் செலவு, ஆண்டுக்கு இவ்வளவு யூனிட் உற்பத்தி, இரண்டும் சமம் என்பது அவர்கள் கணக்கு. நண்பகலில் மிஞ்சுவதும் இரவு எட்டு மணிக்குத் தேவைப்படுவதும் ஒரே யூனிட் அல்ல. அந்த எட்டு மணி யூனிட் இன்னமும் நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருக்கும்.

வரைபடத்தில் மாலை ஆறு முதல் பத்து மணி வரையுள்ள பகுதிக்குச் சிவப்பு மை பூசுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சிவப்பு எவ்வளவு குறைந்தது என்பதுதான்.

4. உற்பத்திக்கு முன் குறைப்பும் நகர்த்தலும்

இந்தப் படியில் கவர்ச்சி இல்லை. திறப்பு விழா நடத்த எதுவும் இருக்காது. ஆனால் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் மிக அதிகமாகத் திரும்பக் கிடைத்தது இதில்தான். இங்கே நிதானமாக உழையுங்கள்.

தெருவிளக்கிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அது முழுவதும் இரவுச் செலவு. பழைய 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் எடுக்கும். அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 30 வாட் மிச்சம். ஆயிரம் விளக்கு, 12 மணி நேரம் என்றால் ஓர் இரவுக்கு 360 யூனிட். இவ்வளவு மின்சாரத்தைச் சூரியத் தகடுகளிலிருந்து எடுக்க 90 கிலோவாட் வேண்டும், அதை இரவுக்குக் கொண்டுபோகப் பேட்டரியும் வேண்டும். பல ஊராட்சிகள் ஏற்கெனவே எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. அங்கே பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் விளக்குகளைத் தேடுங்கள். அணைக்க ஆளில்லாமலும் ஸ்விட்ச் இல்லாமலும் எரிபவை கட்டாயம் இருக்கும்.

அடுத்து குடிநீர் மோட்டார். ஊருக்கு ஊர் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிதான் ஒன்றியத்தின் மிகப் பெரிய பேட்டரி. ஏற்கெனவே கட்டி முடித்த பேட்டரி. 10 குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 50 யூனிட் ஆகிறது. அதை நண்பகலில் ஓட்டி, தொட்டியை நிரப்பிவைத்து, மறுநாள் காலையில் திறந்துவிட்டால் அந்த 50 யூனிட்டும் வெயிலிலிருந்து வரும்.

கேட்கும்போது எளிதாக இருக்கிறது. செய்யப் போனால் மூன்று தடைகள் உண்டு. தொட்டியின் கொள்ளளவு ஒருநாள் தேவைக்குப் போதாமல் இருக்கும். தொட்டியிலோ குழாயிலோ கசிவு இருந்தால் இரவுக்குள் தண்ணீர் இறங்கிவிடும். ஆகவே கசிவை அடைப்பது இந்தப் படிக்கு முன்னால் வர வேண்டும். மூன்றாவது, மோட்டார் இயக்குபவரின் அன்றாடம். அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டுத் தன் வயலுக்கோ கூலி வேலைக்கோ போகிறவர். ஊராட்சி தரும் சம்பளம் முழுநாளுக்கானது அல்ல. நேரத்தை மாற்றச் சொல்வதற்கு முன், தானியங்கி ஸ்டார்ட்டரும் நீர்மட்டக் கருவியும் பொருத்திக் கொடுங்கள். நாங்கள் முதலில் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினோம். ஒரு தொட்டியில்கூட நேரம் மாறவில்லை. தவறு எங்களுடையது.

விவசாய பம்ப்செட்டுகளை வேறு விதமாக அணுக வேண்டும். 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். "மின்கட்டணம் குறையும்" என்று அவர்களிடம் போய்ப் பேசுவதில் பொருளில்லை. அவர்களுக்கு வேண்டியது, பகலில் சீரான மும்முனை மின்சாரம். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்துபோய், பாம்புக்கு அஞ்சி மோட்டார் போட வேண்டிய நிலை நீங்குவது அவர்களுக்குப் பெரிய விடுதலை. மோட்டார் எரியாமல் இருந்தால் ரீவைண்டிங் செலவும் மிச்சம். அந்த மொழியில் பேசுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பகல் முழுக்கச் செலவில்லாத மின்சாரம் என்றால் நிலத்தடி நீர் இன்னும் வேகமாக இறங்கலாம். சொட்டுநீர்ப் பாசனத்தையும் கிணற்று நீர்மட்ட அளவீட்டையும் இதே படியில் சேர்த்து எழுதுங்கள். தண்ணீர் வற்றிவிட்டால் பம்ப்செட்டுக்கு எந்த மின்சாரம் வந்தும் பயனில்லை.

5. இப்போது கேளுங்கள்: எவ்வளவு, எங்கே?

நான்காம் படிக்குப் பிறகு மணிவாரி வரைபடங்களை மீண்டும் வரையுங்கள். பகல் பகுதி உயர்ந்திருக்கும், மாலைப் பகுதி தணிந்திருக்கும். அந்தப் புதிய பகல் பகுதிதான் சூரிய மின்சாரத்தின் அளவு.

தோராயக் கணக்கு இது: ஒரு கிலோவாட்டுக்கு நிழலில்லாத 100 சதுர அடி கூரை. ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட். தொடர்மழை நாட்களில் அது பாதிக்கும் கீழே இறங்கும். தரையில் என்றால் ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர்.

கூரைகளை முதலில் எடுங்கள். பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம், சமுதாயக்கூடம், நியாயவிலைக் கடை. செலவாகும் இடத்திலேயே உற்பத்தியானால் கம்பியில் இழப்பு குறைவு. பள்ளிக்கூரைக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஏப்ரல், மே மாதங்களில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது பள்ளிக்கு விடுமுறை. அந்த மின்சாரம் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

தரைக்கு வரும்போது கவனம் இரு மடங்கு வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் "தரிசு" என்று எழுதியிருப்பதை வெற்று நிலம் என்று படிக்காதீர்கள். அங்கே ஆடு மேய்கிறது, விறகு பொறுக்கப்படுகிறது, மழைக்காலத்தில் கண்மாய்க்கு நீர் ஓடிவருகிறது. மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டால் முதலில் பாதிக்கப்படுபவர் நிலமில்லாதவர். அவர் கிராம சபையில் முன்வரிசையில் உட்காருவதும் இல்லை. நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு மழை நாளிலும் ஒரு கோடை மாலையிலும் அங்கே போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

பெரிய அளவில் என்ன ஆகும் என்பதை ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் காணலாம். 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. ஓர் ஒன்றியத்தின் சொந்தத் தேவைக்கு அவ்வளவு பெரிய நிலம் தேவைப்படவே படாது. சிறு சிறு நிலையங்களை, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மெகாவாட்டாக, துணை மின்நிலையத்துக்கு அருகில் வையுங்கள். விவசாயத்துக்குச் சூரிய மின்சாரத்தைக் கொண்டுவரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான இத்தகைய நிலையங்களுக்கானதே.

காற்றாலை எல்லா ஊருக்கும் பொருந்தாது. உங்கள் ஒன்றியம் கணவாய்க் காற்று வீசும் பகுதியில் இல்லையென்றால், வெளியூரில் காற்றாலை வைப்பது பற்றி யோசியுங்கள். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் அப்படித்தான் செய்தது. காற்று வீசும் உடுமலைப் பகுதியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரில் நிறுவி, மின்வாரியத்துக்கு விற்கும் மின்சாரத்தில் வங்கிக் கடனை அடைத்தது. உங்கள் பகுதி காற்றுப் பகுதியாக இருந்தால், முதலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பழைய சிறு காற்றாலைகளைத் தேடுங்கள். அதே நிலத்தில் புதிய பெரிய காற்றாலை வைத்தால் புதிய நிலம் எடுக்காமலே உற்பத்தி பெருகும்.

6. மின்வாரியத்திடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்

ஒவ்வொரு மின்மாற்றிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதன் கீழ் ஏற்கெனவே எவ்வளவு கூரை சோலார் இணைந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு சேர்க்கலாம் என்று எழுத்துமூலம் கேளுங்கள். நீண்ட கம்பியின் கடைசியில் உள்ள வீடுகளில், நண்பகலில் எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் செலுத்தினால் மின்னழுத்தம் உயரும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். வீட்டுக்காரர் தகடு பழுது என்று நினைப்பார். உண்மையில் கம்பி போதவில்லை.

இன்னொரு செய்தியை எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மின்தொகுப்போடு இணைந்த சாதாரண சோலார், மின்வெட்டு வந்தால் பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. இதைச் சொல்லாமல் ஒரு சுகாதார நிலையத்தில் தகடு வைத்ததைப் பார்த்தேன். முதல் மின்வெட்டில் தடுப்பூசிப் பெட்டி அணைந்ததும் அங்கிருந்த செவிலியர், "கூரையில் இத்தனை தகடு எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. மின்வெட்டில் ஓட வேண்டிய இடங்களைத் தனியாகப் பட்டியலிட்டு, அங்கே பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் என்று கொள்முதல் ஆவணத்திலேயே எழுதுங்கள்.

கடலோர ஒன்றியம் என்றால் தகடு நிற்கும் சட்டத்தின் காற்றுத் தாங்கும் திறனையும் எழுதுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களை எப்படிச் சாய்த்தது என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடிக்கும் சட்டத்தை மலிவாக வாங்கினால் அடுத்த புயலில் அது பக்கத்து வீட்டின் மேல் விழும்.

7. சிவப்பு மைக்குத் திரும்புங்கள்

மாலை நேரத்தில் இன்னும் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு உள்ளூரிலேயே முழு விடை காண முயல்வது வீண் செலவு. ஓரிடத்தில் 2 கிலோவாட் சுமையை 10 மணி நேரம் தாங்க வேண்டுமென்றால் 20 யூனிட். இழப்பையும் பேட்டரியை முழுதும் வற்றவிடக் கூடாது என்பதையும் சேர்த்தால் 25 யூனிட் பேட்டரி. சுகாதார நிலையத்துக்கு இது நியாயமான செலவு. வீடுதோறும் வாங்கச் சொல்வது நியாயமில்லை.

மீதி மாலைத் தேவைக்கு மாநில அளவில் சேமிப்பு வேண்டும். ஆனைமலையில் உள்ள காடம்பாறை 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இந்த வேலையைச் செய்யக் கட்டப்பட்டதே: மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்குவது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டமும் அதே வகை. உங்கள் திட்டத்தில் "இவ்வளவு யூனிட் மாலையில் மின்தொகுப்பிலிருந்து வரும், அதில் நிலக்கரி இருக்கும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். அந்த எண்ணை மறைத்து 100 விழுக்காடு என்று அறிவித்த திட்டங்கள் இரண்டாம் ஆண்டிலேயே மக்களின் நம்பிக்கையை இழக்கின்றன.

8. பணம்

இங்கே சுருக்கமாக மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, மானியத்தைக் கையில் வந்த பிறகே வரவாக எழுதுங்கள். கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் காலவரம்பும் விதிகளும் மாறும். விண்ணப்பிக்கும் நாளில் மீண்டும் பாருங்கள்.

இரண்டாவது, தகடு 25 ஆண்டு உழைக்கும், இன்வெர்ட்டர் அவ்வளவு உழைக்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறை மாற்றும் செலவையும், மாதம் இருமுறை தகடு கழுவுபவரின் கூலியையும் முதல் நாளே எழுதுங்கள்.

மூன்றாவது, மிச்சமாகும் மின்கட்டணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. பொதுநிதியில் கலந்துவிட்டால் அது சாலைக்கும் கால்வாய்க்கும் போய்விடும். இன்வெர்ட்டர் பழுதாகும் நாளில் பணம் இருக்காது. ஊர்க்கூரைகளில் தூசி படிந்து நின்றுபோன சோலார் விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் நின்றன.

9. வேலை மாறுகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள்

எண்ணிக்கை போதாது, பெயர்கள் வேண்டும். டீசல் இன்ஜின் மெக்கானிக், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், கொதிகலன் இயக்குபவர். ஓர் ஒன்றியத்தில் இது நூறு பேருக்குள் அடங்கும். நேரில் பேசிவிட முடியும். மோட்டார் ரீவைண்டிங் தெரிந்தவர் ஆறு வாரப் பயிற்சியில் இன்வெர்ட்டர் பராமரிப்பைக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெளியூர் நிறுவனத்தைப் பராமரிப்புக்கு அழைப்பதைவிட அவர் விரைவாக வருவார், ஊருக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்.

உங்கள் எல்லைக்குள் அனல்மின் நிலையமோ சுரங்கமோ இருந்தால் இந்தப் படியை ஒன்பதாவதாக வைக்காதீர்கள், முதலாவதாக வையுங்கள். எண்ணூரின் 450 மெகாவாட் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 1962-இல் இயங்கத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வுபெற்றது. இப்படி மூடப்படும்போது நிரந்தர ஊழியருக்கு இடமாற்றம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி, சாம்பல் லாரி ஓட்டுநர், வாயிலுக்கு வெளியே டீக்கடை வைத்திருப்பவர் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். அந்தப் பட்டியலை நீங்கள்தான் எழுத வேண்டும், மூடும் தேதிக்கு ஐந்தாண்டு முன்பே.

10. ஆண்டுவாரியாக அடுக்குங்கள்

முதல் ஆண்டு முழுவதும் அளவீடு, கசிவு அடைப்பு, தெருவிளக்கு. ஒரு தகடுகூட வாங்காத ஆண்டு என்று கிராம சபையில் சொல்லும்போது முணுமுணுப்பு எழும். அப்போது மின்கட்டண ரசீதைக் காட்டுங்கள். குறைந்த தொகையைப் பார்த்தால் அமைதியாவார்கள்.

இரண்டாம் ஆண்டு குடிநீர் மோட்டார்களைப் பகலுக்கு நகர்த்துவதும் பொதுக்கூரைகளும். மின்சார இருசக்கர வாகனங்களுக்கு ஊராட்சி அலுவலக வாசலில் பகல்நேரச் சார்ஜ் வசதியும் இதே ஆண்டில். மூன்று, நான்காம் ஆண்டுகளில் பம்ப்செட் ஃபீடர்களுக்கான சிறு சூரிய மின்நிலையங்கள். அடுப்பு மாற்றம் அதற்குப் பிறகு, அதுவும் மதியச் சமையல் நடக்கும் சத்துணவுக் கூடங்களிலிருந்து. அவர்களின் அடுப்பு எரியும் நேரமும் வெயில் எரியும் நேரமும் ஒன்று.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 கிராம சபையில் மீட்டர் அளவுகளைப் படித்துக் காட்டுங்கள். கணிப்புக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

சுகாதார நிலையத்திலும் குடிநீர்த் திட்டத்திலும் இருக்கும் பழைய டீசல் ஜெனரேட்டர்களை, புதிய ஏற்பாடு ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் உடனே ஏலம் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வையுங்கள். மழையோடும் மின்வெட்டோடும் ஒரு முழு நவம்பர் மாதம் அவற்றைத் தொடாமலேயே கடந்துபோனதாகப் பதிவேடு காட்டிய பிறகு, டிசம்பரில் விற்கலாம்.